தந்தையை இழந்த பேரனும் வசிய்யத்தும்

மகன் உயிரோடிருக்க, முன்னரே மரித்த மற்றொரு மகனின் பிள்ளைக்குப் பாட்டனார் சொத்தில் பங்குண்டா? பாகப்பிரிவினைக்காக என்னை அழைக்கும் வீடுகளில் அடிக்கடி எழும் வினா இது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டில், பன்னிரண்டு வயதுச் சிறுவனின் தாய் திரைக்குப் பின்னிருந்து இதையே கேட்டார். "பங்கில்லையம்மா" என்று சொல்ல நேர்ந்தது. அப்பாட்டனார் பேரன்மீது உயிரையே வைத்திருந்தவர். "இவனுக்கு ஏதாவது எழுதி வைக்க வேண்டும், ஹஜ்ரத்" என்று என்னிடமே இருமுறை கூறியவர். "இன்றே எழுதுங்கள்" என்றேன். "பெருநாள் கழியட்டும்" என்றார். பெருநாளுக்கு முன்பே அவருடைய ஜனாஸா புறப்பட்டுவிட்டது.

நெருங்கிய உறவு இருக்கையில் தூரத்து உறவு விலகி நிற்கும் என்பது வாரிசுரிமையின் விதி. ஹனஃபீ, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளிலும் இதில் வேறுபாடில்லை. ஆனால் அனாதைப் பேரனை ஷரீஅத் கைவிட்டுவிட்டது என்று எவரும் எண்ண வேண்டாம். வாரிசல்லாதவருக்குச் சொத்தில் மூன்றில் ஒரு பகுதிவரை வசிய்யத் செய்யும் உரிமையை அது பாட்டனாரின் கையில் கொடுத்திருக்கிறது.

இவ்வரம்பு ஸஃது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியால் விளங்கும். ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு, இறுதி ஹஜ்ஜின்போது மக்காவில் அவர்கள் கடுமையாக நோயுற்றார்கள். மூன்றில் இரண்டு பங்கைத் தர்மம் செய்யட்டுமா என்று கேட்டபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்தார்கள், பாதியையும் மறுத்தார்கள், மூன்றில் ஒன்றை அனுமதித்து, அதுவும் அதிகமே என்றார்கள்.

ஒரு கணக்கைப் பாருங்கள். அடக்கச் செலவு, கடன், மனைவிக்குக் கொடுபடாத மஹர் (இதுவும் கடனே, பலர் மறந்துவிடுகின்றனர்) ஆகியவை போக 36 இலட்சம் ரூபாய் எஞ்சுகிறது. பெற்றோர் இல்லை. மனைவி, ஒரு மகன், ஒரு மகள், இறந்த மகனின் ஒரு பிள்ளை ஆகியோர் உள்ளனர். வசிய்யத் இல்லையெனில் மனைவிக்கு 4.5, மகனுக்கு 21, மகளுக்கு 10.5 இலட்சம், பேரனுக்கு ஒன்றுமில்லை. முழு மூன்றில் ஒன்றையும் எழுதியிருந்தால் பேரனுக்கு 12, மனைவிக்கு 3, மகனுக்கு 14, மகளுக்கு 7. இறந்த மகன் உயிரோடிருந்தால் அவருக்கு 12.6 இலட்சம் கிடைத்திருக்கும் என்பதையும் கவனியுங்கள்.

அல்பகரா அத்தியாயத்தின் 180ஆம் வசனத்தைக் கொண்டு, வாரிசாகாத நெருங்கிய உறவினருக்கு வசிய்யத் செய்வது கடமையே என்றார் ஸ்பெயின் நாட்டு அறிஞர் இப்னு ஹஸ்ம். எகிப்து 1946இல், பாட்டனார் எழுதாவிடினும் மூன்றில் ஒன்றுக்கு உட்பட்டுப் பேரப்பிள்ளைகளுக்குச் சேரும்படி சட்டம் இயற்றிற்று. பாகிஸ்தான் 1961இல் அவர்களுக்குத் தந்தையின் பங்கையே கொடுத்தது. அதை ஏற்காத உலமாக்கள் பலர். இந்தியாவில் இவ்விரண்டும் இல்லை. ஆகவே இங்கே அப்பிள்ளைக்கு உரிமை தருவது பாட்டனாரின் சொல் ஒன்றே.

சிலர் இந்த மூன்றில் ஒன்றை ஆண்மக்களுக்கே எழுதி, பெண்மக்களின் பங்கைக் குறைக்கப் பார்க்கின்றனர். மற்ற வாரிசுகள் மனமொப்பினாலன்றி வாரிசுக்கு வசிய்யத் செல்லாது. அந்தச் சூழ்ச்சிக்கு ஆலிம்களிடம் கையொப்பம் கேட்டு வராதீர்கள்.

எழுதியே ஆகவேண்டும், பதிவு செய்தே ஆகவேண்டும் என்று நம் நாட்டுச் சட்டம் முஸ்லிமை வற்புறுத்துவதில்லை. ஆயினும் வாய்ச்சொல்லைப் பின்னர் நிரூபிப்பது கடினம். தெளிவாக எழுதி, நேர்மையான இருவரைச் சாட்சியாக்குங்கள்; கடன்களையும் அமானத்துகளையும் அதிலேயே குறியுங்கள். மனம் மாறினால், உயிரோடிருக்கும்வரை மாற்றிக்கொள்ளலாம்.

அன்று அந்த வீட்டில், பங்கீட்டின்போது உறவினரும் அனாதைகளும் வந்தால் அவர்களுக்கும் கொடுக்கச் சொல்லும் அந்நிஸா அத்தியாயத்தின் 8ஆம் வசனத்தைச் சிறுவனின் பெரிய தந்தைக்கு எடுத்துரைத்தேன். நெடுநேரம் தலைகுனிந்திருந்தவர், தம் பங்கிலிருந்து ஒரு மனையை அவன் பெயருக்குக் கொடுப்பதாகச் சொன்னார், கொடுத்தும்விட்டார். அவர் மறுத்திருந்தால் நான் எழுந்து வந்திருப்பதைத் தவிர வேறு வழியிருந்திராது.