மனச்சோர்வுக்கு ஏற்ற மருந்து எது? பரிசோதனை சொல்லுமா?

சர்க்கரை நோயை அறிய ரத்தப் பரிசோதனை இருக்கிறது. நெஞ்சு வலி என்றால் ஈ.சி.ஜி. எடுக்கிறார்கள். ஆனால் மனச்சோர்வு நோயாளிக்கு எந்த மருந்து கேட்கும் என்று உறுதியாகக் காட்டும் பரிசோதனை இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை.

நோயாளி சொல்வதைக் கேட்டு மருத்துவர் ஒரு மாத்திரை தருகிறார். அதன் பலன் சரியாகத் தெரியவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். பலனில்லை என்றால் வேறு மாத்திரை. 2006-ல் வெளியான ஸ்டார்-டி என்ற பெரிய அமெரிக்க ஆய்வில், முதல் மருந்திலேயே நோய் நீங்கியவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரே.

இந்தக் காத்திருப்பில்தான் குடும்பங்கள் தளர்ந்து போகின்றன. "மருந்து சாப்பிட்டும் மாறவில்லையே, மனசு வைத்தால் சரியாகிவிடும்" என்று பழி நோயாளி மீதே விழுகிறது.

இந்தக் குறையைத் தீர்க்க முயலும் நிறுவனங்களில் ஒன்று கலிபோர்னியாவின் ஆல்டோ நியூரோசயின்ஸ். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மனநலப் பேராசிரியர் அமித் எட்கின் 2019-ல் இதைத் தொடங்கினார். மனச்சோர்வு என்ற ஒரே பெயருக்குள் பலவகைக் கோளாறுகள் இருக்கின்றன என்பதே இவர்களின் அடிப்படை. மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி., நினைவாற்றல் தேர்வு போன்றவற்றால் நோயாளிகளை வகை பிரித்து, அந்தந்த வகைக்கு ஏற்ற மருந்தைச் சோதிக்கிறார்கள். இப்படி அளந்து பார்க்கக்கூடிய அடையாளத்துக்குப் பெயர் பயோமார்க்கர்.

புற்றுநோய் சிகிச்சையில் இது புதிதல்ல. மார்பகப் புற்றுக் கட்டியில் ஹெர்-2 புரதம் மிகுந்திருப்பவர்களுக்கென்றே தரப்படும் டிராஸ்டுசுமாப் மருந்துக்கு 1998-லேயே அமெரிக்கா அனுமதி அளித்தது. ஆனால் கட்டியிலிருந்து சதை எடுத்துப் பார்க்கலாம். மனச்சோர்வுக்கு அப்படி எடுத்துப் பார்க்க ஒன்றுமில்லை.

அந்தச் சிரமம் 2024 அக்டோபரில் வெளிப்பட்டது. நினைவாற்றல் குறைந்த மனச்சோர்வு நோயாளிகளுக்கென ஆல்டோ-100 என்ற மருந்தை இந்நிறுவனம் சோதித்தது. சுமார் 300 பேர் பங்கேற்ற அந்த ஆய்வில், மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட அது மேலானது என்று நிரூபணமாகவில்லை. ஈ.ஈ.ஜி. அடிப்படையில் ஆளைத் தேர்ந்தெடுத்து ஆல்டோ-300 என்ற மற்றொரு மருந்தையும் சோதிக்க முற்பட்டது. அது அகோமெலாட்டின், ஐரோப்பாவில் 2009-லேயே அனுமதி பெற்ற மருந்து.

ஒரு தோல்வியால் இந்த வழியே தவறு என்றாகாது. அதேசமயம், "ஒரே டெஸ்டில் உங்களுக்கான மருந்தைச் சொல்கிறோம்" என்ற விளம்பரங்களை நம்பிப் பணத்தை இழக்கவும் வேண்டாம்.

இன்றைக்கு நம் கையில் இருப்பது பொறுமைதான். முதல் மாத்திரை கேட்கவில்லை என்றால் அது நோயாளியின் குற்றமல்ல. நாமாக மருந்தை நிறுத்திவிடாமல், மருத்துவரிடம் திரும்பப் போய்ச் சொல்வோம். அடுத்த மருந்து கேட்கலாம். அதுவரை அவரைத் தனியே விடாதிருப்போம்.