நிதானிக்க வேண்டியவர்கள் யார்?

அம்பத்தூர் எஸ்டேட்டைச் சுற்றியும் ஆவடி, பூந்தமல்லி பக்கமும் சுவரொட்டிகளைப் படித்துக்கொண்டே போகிறவர் கண்ணில் ‘தீர்க்கதரிசன ஊழியம்’ என்ற சொல் படாமல் போகாது. வேலை, விசா, கல்யாணம், பிள்ளைப்பேறு என நாளைய காரியத்தை முன்கூட்டிச் சொல்வதுதான் அது என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த வரம் அப்போஸ்தலர்களோடு முடிந்துவிட்டது என்று போதிக்கும் சபைகளும் இதே ஊர்களில் உண்டு. கத்தோலிக்கர் வழி வேறு: எல்லாருக்குமான வெளிப்பாடு கடைசித் திருத்தூதரோடு நிறைவடைந்தது, பிறகு யாருக்கேனும் தனி வெளிப்பாடு கிடைக்கலாம், அதை நம்பியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வரம் நின்றதா, தொடர்கிறதா என்ற இந்த வழக்கில் ஒரு கேள்வி மட்டும் ஓரமாகவே கிடக்கிறது. சொன்ன வாக்கைச் சோதிப்பது யார்?

குழப்பத்தில் பாதி, சொல்லிலேயே இருக்கிறது. ‘தீர்க்கதரிசி’ என்றால் தூரத்தைப் பார்ப்பவர். மூலக் கிரேக்கச் சொல்லோ கடவுளின் சார்பில் பேசுபவரைக் குறிக்கிறது. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ‘இறைவாக்கினர்’ என்று போட்டது அதற்கு நெருக்கம். ஆமோசும் எரேமியாவும் வருவதைச் சொன்னார்கள். ஆனால் தங்கள் காலத்து மக்களின் அநீதியைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் பவுலும் சபையைக் கட்டுவது, புத்தி சொல்வது, ஆறுதல் தருவது என்றே இந்த வரத்தின் பயனை வகுக்கிறார். அகபு என்பவர் பஞ்சம் வரும் என்று சொன்னது அப்போஸ்தலர் நடபடிகளில் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அதைக் கேட்ட அந்தியோகியா சபை யூதேயாவுக்குப் பணம் திரட்டி அனுப்பியதும் அங்கேயே இருக்கிறது.

வரம் நின்றுவிட்டது என்போர் அதே நிருபத்தின் 13-ஆம் அதிகாரத்தைக் காட்டுவார்கள்: நிறைவானது வரும்போது தீர்க்கதரிசனம் ஒழியும், அந்த நிறைவு, முழுமை பெற்ற வேதாகமமே என்பது அவர்கள் வாதம். இது எனக்கு வலுவாகப் படவில்லை. அடுத்த வரிகளில் பவுல் முகமுகமாய்க் காண்பதைப் பற்றிப் பேசுகிறார். புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறவர் அப்படிச் சொல்வது அரிது. ஆனால் தொடர்கிறது என்போருக்கு அடுத்த அதிகாரம் காத்திருக்கிறது. இரண்டு மூன்று பேர் பேசட்டும், மற்றவர்கள் நிதானிக்கட்டும் என்கிறது அது. பேசுவது தொடர்கிறதென்றால் நிதானிப்பதும் தொடர வேண்டும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட முடியாது.

விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு. 1860-இல் ஜான் கிறிஸ்டியான் அருளப்பன் மூலம் தென் தமிழகத்தில் ஒரு எழுப்புதல் மூண்டது. அந்நியபாஷையும் தீர்க்கதரிசனமும் அங்கே கேட்டன. அமெரிக்காவின் அசுசா தெரு எழுப்புதலுக்கு 46 ஆண்டுகள் முந்திய கதை இது. அந்த அலை 1870-களில் திருவிதாங்கூருக்குள் போனது. அங்கே, தமிழ்ப் பிராமணக் குடும்பத்திலிருந்து கிறிஸ்தவரான ஜஸ்டஸ் ஜோசப்பின் கூட்டத்தில், ஆறே ஆண்டுகளில் கிறிஸ்து வருவார் என்ற வாக்கு 1875-இல் பிறந்தது. ஊரார் அவர்களுக்கு ‘ஆறு வருடக்காரர்’ என்றே பெயர் வைத்தார்கள். 1881 வந்தது, போனது. நம்பியவர்களில் பலர் தங்கள் பழைய சபைக்கே திரும்பினார்கள். எழுப்புதல் முழுவதும் பொய் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. அருளப்பனின் ஊழியத்துக்கு வேறு கணக்கு இருக்கிறது. தேதி குறித்தபோது அதைச் சபை நடுவே நிறுத்திச் சோதிக்கும் பழக்கம் உறுதியாக இல்லை என்பதே என் வாதம்.

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகள் இரண்டு. சோதித்தால் ஆவியை அவித்துப்போடுவதாகும் என்பது ஒன்று. தெசலோனிக்கேயருக்கு எழுதியபோது பவுல் ஆவியை அவித்துப்போடவேண்டாம் என்றதும், எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள் என்றதும் ஒரே இடத்தில் வருகின்றன. ஒரே மூச்சில் எழுதியவருக்கு அதில் முரண் தெரியவில்லை. அபிஷேகம் பெற்றவர்களைத் தொடக்கூடாது என்ற சங்கீத வசனம் மற்றொன்று. 105-ஆம் சங்கீதத்தில் அந்த எச்சரிக்கை, நாடோடிகளாய் அலைந்த முற்பிதாக்களுக்குத் தீங்கு செய்யக்கூடாது என்று ராஜாக்களுக்குச் சொன்னது. பிரசங்க மேடைக்குக் கீழே உட்கார்ந்து கேள்வி கேட்கும் விசுவாசிக்கு அதில் வேலையே இல்லை. ஆதிச் சபையின் ‘டிடாகே’ என்ற கையேடு இன்னும் கறாரானது: வந்த அப்போஸ்தலர் மூன்றாம் நாளும் தங்கினால் அவர் பொய்த் தீர்க்கதரிசி, ஆவியில் பேசுவதாகச் சொல்லித் தனக்குப் பணம் கேட்டால் அவர் பேச்சையே கேட்கக் கூடாது.