ஃபைட்டருக்கு ஜோடி வேண்டாம்

சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் ஃபைட்டர் மீன் கேட்பவர்கள் பலர், "ஜோடியா கொடுங்க" என்றுதான் கேட்கிறார்கள். கிளியோ புறாவோ எதை வளர்த்தாலும் ஒன்றைத் தனியாக விடக்கூடாது என்பது நம் வீடுகளில் ஊறிப்போன எண்ணம். குஞ்சு பொரிக்க வைக்கும் ஆசையெல்லாம் அவர்களுக்கு இல்லை. ஆண் மீன் தனியாகக் கிடக்கிறதே என்ற இரக்கம்தான். அந்த இரக்கத்தால்தான் பல பெண் மீன்கள் ஓரிரு நாளில் சாகின்றன.

ஃபைட்டர் என்றும் பீட்டா என்றும் நாம் அழைக்கும் இந்த மீனின் சொந்த ஊர் தாய்லாந்து. நெல் வயல், சதுப்பு, ஓடாமல் தேங்கிய வாய்க்கால், இவைதான் அதன் வீடு. தலைக்குள் இருக்கும் தனி உறுப்பின் உதவியால் நீருக்கு மேலுள்ள காற்றையும் சுவாசிக்கும். நம் ஊர்ப் பனையேறிக் கெண்டைக்கும் இதே திறன் உண்டு. இரண்டும் உறவுக்கார மீன்கள்தாம். தாய்லாந்தில் சண்டைக்காகவே பல தலைமுறைகளாக மூர்க்கமான மீன்களைத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். 1840-இல் மன்னர் மூன்றாம் ராமாவின் மீன்கள் சில, டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவர் தியடோர் கேன்டரின் கைக்கு வந்தன. இன்று வழங்கும் 'பீட்டா ஸ்ப்ளெண்டன்ஸ்' என்ற அறிவியல் பெயரை 1910-இல் சூட்டியவர் சார்லஸ் டேட் ரீகன். தாய்லாந்து இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது 2019-இல். கடையில் நாம் வாங்கும் நீண்ட துடுப்பு மீன், அழகுக்காகப் பிறகு உருவாக்கப்பட்ட வகை. உருவம் மாறினாலும் குணம் மாறவில்லை.

இந்த மீனுக்குக் குடும்ப வாழ்க்கை என்று ஒன்று கிடையாது. ஆண், வாயால் காற்றை உறிஞ்சி எச்சில் பூசிய குமிழ்களாக ஊதி நீர்ப்பரப்பில் நுரைக்கூடு கட்டும். முட்டை முற்றிய பெண்ணின் உடலில் செங்குத்துக் கோடுகள் தெரியும். வயிற்றுக்கடியில் சிறு வெள்ளைப் புள்ளி துருத்தி நிற்கும். ஆண் தன் உடலை வளைத்துப் பெண்ணை இறுக்கிச் சுற்றிக்கொள்ள, முட்டைகள் உதிரும். அவை நீரில் மூழ்குபவை. ஆண் ஒவ்வொன்றாக வாயில் பிடித்துக் கூட்டில் ஒட்டும். சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். அந்தக் கணத்திலிருந்து பெண் அங்கே வேண்டாத விருந்தாளி. முட்டையைத் தின்றுவிடக்கூடியவள் என்பதால் ஆண் அவளைக் கடித்துத் துரத்தும். வயலில் அவள் புல் மறைவில் புகுந்து வெகுதூரம் போய்விடுவாள். கண்ணாடித் தொட்டியில் அவள் எங்கே போவாள்?

முட்டை முற்றாத பெண்ணை விட்டாலோ நிலைமை இன்னும் மோசம். முதல் நாளிலேயே துடுப்பு கிழியும், செதில் உதிரும், அவள் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடப்பாள். உடலில் செங்குத்துக்குப் பதிலாகக் கிடைக்கோடுகள் தெரிந்தால் அது அச்சத்தின் அடையாளம். சில சமயம் பெண்ணே ஆணைத் தாக்கும். நீண்ட வால் கொண்ட ஆணால் வேகமாக விலகவும் முடியாது.

இரண்டையும் வைத்துக்கொள்ள வேண்டும், குஞ்சும் வேண்டாம் என்றால் நல்ல வழி இரண்டு தனித் தொட்டிகள். ஒவ்வொன்றும் 20 லிட்டர் அளவாவது இருக்கட்டும். இடம் போதாதென்றால் 40 லிட்டருக்குக் குறையாத ஒரே தொட்டியை நடுவில் தடுக்கலாம். அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். தெளிந்த கண்ணாடித் தடுப்பு வைத்தால் ஆண் நாள் முழுவதும் செவுளை விரித்து முறைத்துக்கொண்டே இருக்கும். பார்க்க நமக்கு அழகு, மீனுக்கு ஓயாத களைப்பு. அதனால் மறுபக்கம் தெரியாத தடுப்பு வேண்டும். நீர் போய்வரச் சிறு துளைகள் போதும். தடுப்பு நீர்மட்டத்துக்கு மேலே உயர்ந்து நிற்க வேண்டும், தொட்டிக்கு மூடியும் வேண்டும், ஏனென்றால் இவை நன்றாகத் தாவும். மூடிக்கும் நீருக்கும் நடுவே காற்றுக்குச் சற்று இடம் விடுங்கள். தடுத்த தொட்டியில் நீர் ஒன்றே என்பதால் ஒரு மீனுக்கு நோய் வந்தால் மற்றதற்கும் வரும் என்பதை மறக்க வேண்டாம். பில்டரின் நீரோட்டம் மெதுவாக இருக்கட்டும். வெப்பம் 24 முதல் 28 டிகிரிக்குள் இருந்தால் நல்லது.

தனியே இருக்கும் ஆணும் நுரைக்கூடு கட்டும். அதைப் பார்த்து 'துணைக்கு ஏங்குகிறது' என்று மனம் இளகிவிட வேண்டாம். உடல் முதிர்ந்த ஆணின் இயல்பு அது, அவ்வளவுதான். ஆண் இல்லாவிட்டால் பெண்ணின் முட்டை வயிற்றிலேயே தங்கிவிடும் என்ற பயமும் பலருக்கு உண்டு. பெரும்பாலும் உடலே அவற்றை உறிஞ்சிக்கொள்ளும். சில சமயம் பெண் தானே முட்டையிட்டுத் தின்றுவிடும். பெண் மீன்கள் மட்டும் சேர்ந்தால் சமாதானமாக இருக்கும் என்று சொல்பவர்களையும் நம்ப வேண்டாம். அவையும் சண்டையிடும்.

'ஒரு தடவைதானே, குஞ்சு வந்தால் வரட்டும்' என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரே கூடலில் நூற்றுக்கணக்கில் முட்டை வரும். ஓரிரு நாளில் பொரியும். பிழைத்து வளரும் ஆண் குஞ்சுகள் சில மாதங்களில் ஒன்றையொன்று கடிக்கத் தொடங்கும். அப்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிப் பாத்திரம், தினமும் தீனி, அடிக்கடி நீர்மாற்றம். எத்தனை வீட்டில் இது நடக்கும்? சமாளிக்க முடியாதவர்கள் குளத்திலும் ஏரியிலும் கொட்டுகிறார்கள். நம் மண்ணைச் சேராத மீனை நம் நீர்நிலையில் விடுவது மீனுக்கும் கேடு, குளத்துக்கும் கேடு. ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் உள்ள அடிலெய்டு ஆற்றுச் சமவெளியில் இதே ஃபைட்டர் குடியேறிப் பெருகிவிட்டது.

தவறிப்போய் கூடல் நடந்துவிட்டால், பெண்ணை உடனே வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். குஞ்சு வேண்டாமென்றால் பொரிப்பதற்குள் நுரைக்கூட்டை முட்டையோடு அள்ளி எடுத்துவிடலாம்.

துணைதான் கவலை என்றால், தொட்டியில் செடிகள் வையுங்கள், உலர்ந்த நாட்டு வாதாம் இலை ஒன்றைப் போடுங்கள், மீன் ஒளிய ஒரு மண்சட்டித் துண்டைக் கவிழ்த்து வையுங்கள். ஃபைட்டர் மீனுக்கு வேண்டியது மறைவிடமும் சுத்தமான நீரும்தான். இரண்டு தொட்டிக்கு இடமும் நேரமும் இல்லாதவர்கள் ஒரே ஒரு மீனை வாங்கி, அதை நன்றாக வளர்க்கட்டும்.