அலை அடிச்சும் கரை சேராத பாஸ்கெட்பால் வீரர்!

2022 பஞ்சாப் தேர்தல்ல மொத்தம் 117 தொகுதி. அதுல 92 ஆம் ஆத்மிக்கு! அந்த அலையிலும் அந்தக் கட்சியில தோத்த ஒரு ஸ்டார் வேட்பாளர், சஜ்ஜன் சிங் சீமா.

யார் இவர்? 1982 டெல்லி ஆசிய விளையாட்டுல இந்தியாவுக்காக பாஸ்கெட்பால் ஆடியவர். 1999-ல் அர்ஜுனா விருது. ஆனா நம்ம நாட்டுல பாஸ்கெட்பாலை நம்பிப் பிழைக்கணும்னா, பெரும்பாலும் ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைதான் வழி. சென்னையில ஐ.ஓ.பி., ஐ.சி.எஃப் டீம்கள் இருக்கிற மாதிரி, இவருக்கு பஞ்சாப் போலீஸ். எஸ்.பி. வரைக்கும் உயர்ந்தார்.

2016-ல் ஆம் ஆத்மியில சேர்ந்து, சொந்த மாவட்டமான கபூர்தலாவுல சுல்தான்பூர் லோதி தொகுதியில நின்னார். (பெருமாநல்லூர் பனியன் கம்பெனிக்காரங்களுக்குப் பழக்கமான லூதியானாவும் அதே பஞ்சாப்தான்!) 2017-ல் காங்கிரஸ்கிட்ட தோல்வி. 2022-ல் ஜெயிச்சது சுயேச்சை ராணா இந்தர் பிரதாப் சிங். அவரோட அப்பா யார் தெரியுமா? காங்கிரஸ் அமைச்சர் ராணா குர்ஜித் சிங். சொந்தக் கட்சி வேட்பாளரையே எதிர்த்து மகனுக்கு ஓட்டு கேட்டார். செம சினிமா!

அப்போ விளையாட்டுப் புகழுக்கு ஓட்டே விழாதா? அப்படியும் சொல்ல முடியாது. அதே தேர்தல்ல, ஜலந்தர் கன்டோன்மென்ட்ல ஆம் ஆத்மி நிறுத்தியது 1980 மாஸ்கோ ஒலிம்பிக் ஹாக்கி தங்க வீரர் சுரிந்தர் சிங் சோதியை. அவரைத் தோற்கடிச்சவரும் ஹாக்கி வீரர்தான். இந்திய அணியின் முன்னாள் கேப்டன் பர்கத் சிங். ரெண்டு பேருக்கும் ஒலிம்பிக் புகழ் இருக்கு. ஆனா பர்கத், 2012, 2017-னு அதே தொகுதியில ஏற்கெனவே ரெண்டு தடவை ஜெயிச்சு, பத்து வருஷமா எம்.எல்.ஏ-வா இருந்தவர்.