11 கி.மீ ஓட்டம் ஒரு பெரிய விஷயமா? கால்பந்து வீரர்களை உண்மையில் வீழ்த்துவது எது?

ஞாயிறு காலை வாட்ச்சை ஆன் செய்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் 10 கிலோமீட்டர் ஓடி முடித்து ஸ்டேட்டஸ் போடுபவர்கள் எந்த அலுவலகத்திலும் இரண்டு பேராவது இருப்பார்கள். அன்று இரவே பிரீமியர் லீக் மேட்ச் பார்க்கும்போது, ஒரு வீரரின் பெயருக்குப் பக்கத்தில் 'ஓடிய தூரம்: 11 கி.மீ' என்று திரையில் வரும். அட, இவ்வளவுதானா என்று தோன்றும்.

கணக்குப் போட்டால் இன்னும் குழப்பம். 90 நிமிடத்தில் 11 கி.மீ என்றால் சராசரி வேகம் மணிக்கு ஏழரை கிலோமீட்டர்கூட இல்லை. பார்க்கில் ஜாகிங் போகும் வேகம்தான். அப்படியென்றால் உலகின் மிகச்சிறந்த உடல் தகுதி கொண்டவர்கள், 80-வது நிமிடத்தில் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு ஏன் புல்லில் சாய்கிறார்கள்?

சிக்கல் அந்த 'சராசரி' என்ற சொல்லில் இருக்கிறது.

நடப்பதும் ஆட்டம்தான்

வீரர்கள் எவ்வளவு ஓடுகிறார்கள் என்று முறையாக அளக்கத் தொடங்கி அரை நூற்றாண்டு ஆகிறது. தாமஸ் ரெய்லி, வான் தாமஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இங்கிலாந்தின் முதல் டிவிஷன் வீரர்களைக் கவனித்து 1976-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வீரர் சராசரியாக 8.7 கி.மீ தூரம் போவதாகக் கண்டார்கள். அதில் பந்து காலில் இருந்த தூரம் 2 சதவீதத்துக்கும் குறைவு! மீதியெல்லாம் பந்து இல்லாமல் நடந்தது, ஓடியது, பின்னால் நகர்ந்தது.

இன்று அந்த வேலையைக் கேமராக்களும், ஜெர்சிக்குள் போடும் கறுப்பு பனியனும் செய்கின்றன. கோல் போட்டதும் சட்டையைக் கழற்றி சுற்றுவார்களே, அப்போது தெரியும் அந்தக் குட்டி பனியன்தான். தோள்பட்டைகளுக்கு நடுவே அதில் ஒரு ஜிபிஎஸ் கருவி இருக்கும். இவை சொல்வது: கோல்கீப்பர் தவிர மற்றவர்கள் பெரும்பாலும் 10 முதல் 13 கி.மீ வரை போகிறார்கள். மிட்ஃபீல்டர்களுக்கு அதிகம், சென்டர் பேக்குகளுக்குக் குறைவு.

ஆனால் அதில் மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் தூரம் சுமார் பத்தில் ஒரு பங்குதான். 25 கி.மீ வேகத்தைத் தாண்டும் ஸ்பிரின்ட், சில நூறு மீட்டர்களோடு சரி. மெஸ்ஸி 2022 உலகக் கோப்பையில் அதிகம் நடந்த வீரர்களில் ஒருவர். கோப்பையைத் தூக்கியதும், தொடரின் சிறந்த வீரர் விருதை வாங்கியதும் அவரேதான். எனவே, 'இவன் ஓடவே மாட்டேங்கிறான்' என்று திரையைப் பார்த்துத் திட்டுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஆக்ஸிலரேட்டரைவிட பிரேக்தான் ஆபத்து

உடலை உடைப்பது அந்தச் சில நூறு மீட்டர்தான். டாட்டன்ஹாமின் மிக்கி வான் டி வென் 2024 ஜனவரியில் மணிக்கு 37.38 கி.மீ வேகத்தைத் தொட்டார். ஒரு நொடிக்கு 10 மீட்டருக்கு மேல். டிராஃபிக் இல்லாத சாலையில் ஸ்கூட்டர் போகும் வேகம்.

இதில் வேகத்தை எட்டுவது பாதி வேலைதான். ஸ்பிரின்ட்டின்போது முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதி முன்னால் வீசப்படும். அதைப் பிடித்து நிறுத்துவது தொடையின் பின்பக்கத் தசையான ஹாம்ஸ்ட்ரிங். அதாவது அந்தத் தசை நீண்டுகொண்டே, அதே நேரத்தில் இறுக்கியும் பிடிக்க வேண்டும். கயிற்றை இருபுறமும் இழுப்பது போல. ஒவ்வொரு அடியிலும் இது நடக்கிறது. சட்டென்று நின்று திசை மாறும்போது முழங்காலும் தொடையின் முன்பக்கத் தசையும் அடி வாங்கும். சாலையில் 10 கி.மீ சீராக ஓடுபவருக்கு இந்த பிரேக் வேலை கிட்டத்தட்ட இல்லை. கால்பந்து வீரரோ சில நொடிகளுக்கு ஒருமுறை வேகத்தையோ திசையையோ மாற்றிக்கொண்டே இருக்கிறார்.

இந்தப் பளு கூடிக்கொண்டே வருகிறது. பிரீமியர் லீக்கில் 2006-07 சீசனையும் 2012-13 சீசனையும் ஒப்பிட்ட ஆய்வில், மொத்த தூரம் வெறும் 2 சதவீதம் கூடியிருந்தது. அதிவேக ஓட்டம் சுமார் 30 சதவீதமும், ஸ்பிரின்ட்களின் எண்ணிக்கை சுமார் 85 சதவீதமும் உயர்ந்திருந்தன. திரையில் வரும் கிலோமீட்டர் கணக்கை மட்டும் பார்த்தால் இந்த மாற்றம் கண்ணுக்கே தெரியாது.

விலை என்ன? ஐரோப்பாவின் முன்னணி கிளப்புகளை 2001-லிருந்து தொடர்ந்து கவனித்துவரும் யூஇஎஃப்ஏ ஆய்வில், மொத்தக் காயங்களில் ஹாம்ஸ்ட்ரிங் காயத்தின் பங்கு 12 சதவீதத்திலிருந்து 2021-22-ல் 24 சதவீதமாகியிருக்கிறது. இரு மடங்கு!

பேட்டரி நிரம்பும் முன்பே அடுத்த மேட்ச்

ஒரு ஆட்டம் முடியும்போது தசைகளில் சேமித்த கிளைகோஜன் என்ற எரிபொருள் பெருமளவு தீர்ந்துவிடும். அது மீண்டும் நிரம்பவும், தசைநார்களில் ஏற்பட்ட நுண்ணிய கிழிசல்கள் ஆறவும் இரண்டு, மூன்று நாள் வேண்டும். ஞாயிறு ஆடி, புதன் ஆடி, மறுபடி சனி ஆடும் அணிகளுக்கு அந்த அவகாசம் சரியாக விளிம்பில் நிற்கிறது. நடுவில் விமானப் பயணம் வேறு.

பார்சிலோனாவின் பெத்ரியைப் பாருங்கள். 2020-21-ல் கிளப், நாடு எல்லாம் சேர்த்து 73 ஆட்டங்கள். வயது 18. யூரோ கோப்பையில் ஸ்பெயின் ஆடிய ஆறு ஆட்டங்களிலும் ஒரே ஒரு நிமிடம் தவிர முழுக்கக் களத்தில் இருந்தார். அது ஜூலையில் முடிந்தது. அதே மாதம் டோக்கியோ ஒலிம்பிக். ஆகஸ்ட் 7 அன்று இறுதிப் போட்டி. 15-ம் தேதி பார்சிலோனாவுக்காக லா லீகா முதல் ஆட்டம். அடுத்த சீசனில் அவரது தொடைத் தசை கைவிட்டது. மாதக்கணக்கில் வெளியே உட்கார்ந்தார்.

2024 செப்டம்பரில் மான்செஸ்டர் சிட்டியின் ரோட்ரி, வீரர்கள் வேலைநிறுத்தத்துக்கு அருகில் இருப்பதாகச் சொன்னார். ஒரு சீசனில் 40 முதல் 50 ஆட்டங்கள் வரைதான் உச்ச நிலையில் ஆட முடியும் என்பது அவர் கணக்கு. சில நாளிலேயே ஆர்சனலுக்கு எதிரான ஆட்டத்தில் முழங்காலின் ஏசிஎல் தசைநார் கிழிந்து, அந்த சீசனின் பெரும்பகுதி போனது. அது எதிரணி வீரரோடு மோதியதில் நடந்தது. பளுவால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அவர் சொன்ன கணக்கு அதனால் பொய்யாகிவிடவில்லை.

2020-ல் கொரோனாவுக்காக வந்த ஐந்து மாற்று வீரர் விதி, 2022-ல் நிரந்தரமானது. அது ஓரளவு கைகொடுக்கிறது, பெரிய பெஞ்ச் வைத்திருக்கும் பணக்கார அணிகளுக்குக் கூடுதலாகவே. மறுபக்கம் ஆட்டங்கள் பெருகுகின்றன. சாம்பியன்ஸ் லீக்கின் முதல் கட்டம் 2024-25 முதல் ஆறிலிருந்து எட்டு ஆட்டங்களானது. 2025 கோடையில், ஓய்வெடுக்க வேண்டிய மாதத்தில், 32 அணிகளின் கிளப் உலகக் கோப்பை அமெரிக்காவில் நடந்தது. சின்சினாட்டியில் வெயில் தாங்காமல் டார்ட்மண்ட் அணியின் மாற்று வீரர்கள் முதல் பாதியை டிரெஸ்ஸிங் ரூமிலிருந்தே பார்த்தார்கள்.

வீரர்கள் சங்கத்தின் ஐரோப்பியப் பிரிவான ஃபிஃப்ப்ரோ யூரோப்பும் ஐரோப்பிய லீக்குகளின் அமைப்பும் சேர்ந்து, ஃபிஃபா தன்னிச்சையாக அட்டவணை போடுகிறது என்று 2024 அக்டோபரில் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் கொடுத்தன. 2026 உலகக் கோப்பைக்கான அட்டவணையில் அணிகள் 48, ஆட்டங்கள் 104. இதுவரை ஏழு ஆட்டம் ஆடினால் கிடைத்த கோப்பைக்கு இனி எட்டு.