அக்ராவின் செம்புப் புகை

கானாவின் தலைநகர் அக்ராவில், ஓடா ஆற்றங்கரையில் இருந்த அக்போக்புளோஷி பழைய இரும்புச் சந்தை மின்னணுக் கழிவுக்காக உலகெங்கும் பேசப்பட்ட இடம். வடக்கு கானாவிலிருந்து பிழைக்க வந்த இளைஞர்கள் அங்கே பழைய கணினி, டிவி, ஃபிரிட்ஜ்களைச் சுத்தியலால் உடைத்துப் பிரித்தார்கள். மின்கம்பிச் சுருள்களை டயர்த் துண்டுகளோடு சேர்த்துக் கொளுத்துவார்கள். பிளாஸ்டிக் உறை எரிந்து கரும்புகையாகப் போனதும் செம்பு மிஞ்சும்; அதற்குத்தான் காசு. அந்தப் புகையில் டயாக்சின் என்னும் கொடிய நஞ்சு, சாம்பலில் ஈயம். அங்கே மேய்ந்த கோழிகளின் முட்டையில்கூட டயாக்சின் மிக அதிக அளவில் இருந்தது.

2016இல் கானா மின்னணுக் கழிவைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றியது. 2021 ஜூலையில் அரசு சந்தையை இடித்துத் தள்ளியது. எரிப்பு நிற்கவில்லை, நகரின் வேறு மூலைகளுக்குச் சிதறியது. பிழைப்புக்கு வழி செய்யாமல் இடத்தை மட்டும் இடித்தால் வேறென்ன நடக்கும்? கம்பியை எரிக்காமல் கொண்டுவருபவருக்கு நல்ல விலை கொடுத்து, உறையை இயந்திரத்தில் உரித்தெடுப்பதே உருப்படியான வழி.

மின்னணுக் கழிவு வெளிநாடுகளிலிருந்து வந்து குவிவதற்கும் கடிவாளம் விழுந்திருக்கிறது. 2025 ஜனவரி 1 முதல், கழிவுகள் நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் பேசல் உடன்படிக்கையின்படி, பெறும் நாட்டின் முன் சம்மதம் இல்லாமல் எந்த மின்னணுக் கழிவையும் அங்கே அனுப்பக் கூடாது.