உழவன் எழுதிய சாசனம்

அரசனுக்குச் செப்பேடு உண்டு. பிரபுவுக்குப் பத்திரம் உண்டு. ஏர் பிடித்த ஏழைக் குடியானவனுக்கு என்ன உண்டு? அவன் உழுத சாலே அவனுக்குச் சாசனம். இஃது அலங்காரப் பேச்சன்று. இங்கிலாந்தின் மத்திய ஜில்லாக்கள் மீது, வெயில் சாயும் வேளையில் ஆகாய விமானத்திற் செல்வோர் இதனைக் கண்ணாரக் காணலாம். தரையில் நடப்போனுக்கு வெறும் புல்வெளியாகத் தோன்றும் இடத்தில், மேடுகளின் நிழல் பள்ளங்களில் நீண்டு விழ, நூற்றாண்டுகளுக்கு முன் உழுத வயல்கள் வரிவரியாய்ப் புலப்படுகின்றன.

மத்திய காலத்தில் அப்பிரதேசத்துக் கிராமம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு அல்லது மூன்று பெருவயல்களே இருந்தன. அவற்றில் ஒவ்வொரு குடிக்கும் உரிய நிலம் நீண்ட துண்டுகளாகச் சிதறிக் கிடந்தது. இடையில் வேலி கிடையாது. அறுவடையானபின் தாளடியில் ஊரார் மாடுகளெல்லாம் மேய்ந்தன. அவர்களுடைய கனத்த கலப்பை மண்ணை வலப்புறமே புரட்டும். ஆகவே துண்டின் ஒருபுறம் போய் மறுபுறம் திரும்ப, மண் நடுவே குவிந்து ஆண்டுதோறும் மேடிட்டது. நீண்ட எருதுப் பூட்டை ஓரத்தில் திருப்ப இடம் வேண்டியதால், சால்கள் நேராக அமையாமல் இரு முனையிலும் வளைந்தன. ஏர் திரும்பிய தலைமாட்டில் மண் சேர்ந்து கரையாயிற்று. அக்கரையே இன்று பழைய எல்லையைக் காட்டுகிறது. நமது சாலைக் கற்களில் முன்பு எண்ணிவந்த 220 கெஜப் பர்லாங்கும் இவ்வுழவிற் பிறந்ததே. உழுசாலின் நீளம் என்பதே அச்சொல்லின் பொருள்.

முதல் உலக யுத்தத்தில் விமானத்திலிருந்து வேவு பார்த்த கிராபோர்டு என்பார், 1920-இல் பிரிட்டிஷ் நிலப்பட இலாகாவின் முதல் தொல்பொருள் அதிகாரியானார். யுத்த வித்தையைச் சரித்திர ஆராய்ச்சிக்குத் திருப்பினார். இரண்டாம் யுத்தத்திற்குப் பின் அந்நாட்டு விமானப் படை தேசத்தின் பெரும்பகுதியைப் படமெடுத்தது. 1948-இல் பெரெஸ்போர்டு என்னும் சரித்திராசிரியர், பழைய நிலப்படங்களில் வரைந்துள்ள துண்டுகளோடு இம்மேடுகள் பொருந்துவதை எடுத்துக் காட்டினார். வளையாமல் நேராகவும் குறுகலாகவும் ஓடும் மேடுகள் பெரும்பாலும் பிற்காலத்தவை. ஆதலின் இரண்டையும் பகுத்தறிதல் அவசியம். இன்றோ விமானத்திலிருந்து லேசர் கதிரைப் பாய்ச்சி, மரநிழலில் மறைந்த மேட்டையும் அளந்துவிடுகின்றனர்.

இனி, இவ்வரிகள் அழியாது நின்றதேன்? உழவு நின்றுபோனதால்! ஏரோடிய நிலம் ஆட்டு மந்தைக்குப் புல்லாக்கப்பட்டது. புல்லே பழைய சாலை மூடிக் காத்தது. கொள்ளை நோயாற் குடிகுறைந்த ஊர்களும் உண்டு. எல்லாப் பழியையும் ஆட்டின்மேற் சுமத்துதல் நியாயமாகாது. ஆயினும் கம்பளி லாபங் கருதிக் குடிகளை வெளியேற்றிய பிரபுக்கள் பலர். தாமஸ் மோர் 1516-இல் வெளியிட்ட தமது நூலிலேயே இக்கொடுமையைக் கண்டித்தார்.

பின்னர் சட்டமே வேலியாயிற்று. 1604 முதல் 1914 வரை பார்லிமெண்டுக்கு வந்த வேலியடைப்பு மசோதாக்கள் 5,200-க்கு மேல். அவை தொட்ட நிலம் சுமார் 68 லட்சம் ஏக்கர், தேசத்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல்! விளைச்சல் பெருகிற்று என்பர் அதனை ஆதரிப்போர். பெருகியிருக்கலாம். ஆனால் வழக்கத்தால் மட்டுமே மேய்ச்சல் உரிமை பெற்றிருந்து, கையிற் பத்திரமில்லாத குடிசைவாசி பெற்றதென்ன? விமானப் படத்தைப் பாருங்கள்: வளைந்த பழஞ்சால்களை ஊடறுத்து நேர்கோடாய் ஓடுகிறது புதிய வேலி. அவ்வேலி ஓடிய இடத்திற் பலருடைய ஜீவனம் அறுந்தது.

இருபதாம் நூற்றாண்டில், பிழைத்திருந்த மேடுகளிற் பெரும்பாலானவற்றை டிராக்டர் உழுது சமனாக்கிவிட்டது. பல ஊர்களுக்கு யுத்தத்தை அடுத்து எடுத்த படங்களே எஞ்சிய சாட்சி. நாட்டிங்ஹாம்ஷயரில் உள்ள லாக்ஸ்டன் கிராமத்தில் மட்டும் பெருவயல் முறை உயிரோடிருக்கிறது.

பத்திரம் படித்தவன் கையில் இருந்தது. தீர்ப்பும் அவன் பக்கமே சென்றது. படியாதவனுடைய சாட்சியை மண் காத்து வைத்திருக்கிறது. அதனை வாசிக்கக் கற்றபின் அழியவிடுவோமாயின், அவ்வுழவனை இரண்டாம் முறையும் வெளியேற்றியவர்களாவோம்.